இடப்பக்கம் துப்பும் துப்பாக்கி

புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் சுமலதா அக்கா அதை உடனே பயன்படுத்திவிட மாட்டார். முதலில் மேசைமேல் வைப்பார். குனிந்து, இடது கன்னத்தை அதன் அருகே கொண்டுபோய், இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்ப்பார். பிறகு மெல்லத் திருப்பி வைப்பார். குக்கர் என்றால் ஆவி போகிற துவாரம் சுவரைப் பார்த்து நிற்கும். சுவரில் துளை போடும் டிரில் என்றால் தூள் எங்கே கொட்டும் என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவார். "இது எந்தப் பக்கம் துப்பும்?" என்று கடைக்காரர்களிடமும் கேட்பார். அவர்கள் விழிப்பார்கள்.

"குக்கரு துப்பாதுடி, விசிலு அடிக்கும்" என்பார் அவருடைய அம்மா சொர்ணம்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. மூஞ்சியில பட்டா தெரியும்."

முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சமையலறை ஜன்னல் என் படிக்கட்டுக்கு நேராக இருப்பதால் இதையெல்லாம் பார்க்க முடிந்தது. தெருவில் அதைச் 'சொல்தா வீடு' என்பார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது அக்காவின் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டார். அதனால் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்பாவுக்குப் பின் யாரும் எதிர்பார்க்காதபடி மகள் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் விமானம் ஏறியவர், இரண்டு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றுத் திரும்பினார். அப்பா இப்போது இல்லை.

அக்காவுக்கு எல்லாமே இடது கை. சோறு மட்டும் வலது கையால் தின்பார். அது சொர்ணம் அம்மாவின் வெற்றி. மற்ற எல்லாவற்றிலும் அம்மா தோற்றுவிட்டார். முனை டீக்கடையில் மாஸ்டர் கிளாஸை நீட்டும்போது அக்கா இடது கையைத்தான் நீட்டுவார். வலது கை வரும் என்று மாஸ்டர் ஒரு கணம் காத்திருப்பார். வராது. நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். சுடுகிற கிளாஸை அவர்தான் எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருப்பார்? கொடுத்துவிடுவார். இப்படி அந்தத் தெருவில் ஒவ்வொருவராக அவருடைய கைக்குப் பழகினார்கள்.

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சார்ஜன்ட் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, உங்களில் இடது கைக்காரர்கள் யார் என்று கேட்டாராம்.

"செருப்பு சைஸ் கேக்கற மாதிரி கேட்டாரு தம்பி. அதுவரைக்கும் என்னை யாரும் அதைக் கேட்டதில்ல. திட்டித்தான் இருக்காங்க. கைய தூக்கினேன். அதுவும் பீச்சாங்கைய."

சார்ஜன்ட் கேட்டதற்குக் காரணம் அவர்களுடைய துப்பாக்கி. ஃபமாஸ் என்று பெயர், புல்பப் வகை. வழக்கமான துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் இடமும் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினும் விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் தோளில் அணைக்கிற வெறும் கட்டைதான். புல்பப்பில் வெடிக்கும் இடத்தை அந்தக் கட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். குழலின் நீளம் குறையாமல் துப்பாக்கி மட்டும் குட்டையாகிவிடுகிறது. ஆனால் காலித் தோட்டா, சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே வெளியே தெறிக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குக் கவலையில்லை. அது வலப்பக்கமாகப் போய்விடும். இடது தோளில் வைத்தால் கொதிக்கக் கொதிக்கக் கன்னத்தில் அறையும். ஃபமாஸில் இதற்கு ஒரு வழி இருந்தது. காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் சின்ன உறுப்பைக் கழற்றி மறுபுறம் மாட்டி, கன்னம் வைக்கிற தகட்டையும் இடம் மாற்றினால் தோட்டா இடப்பக்கம் தெறிக்கும். அதற்குப் பிறகு அது இடது கைக்காரரின் துப்பாக்கி. மற்றவர்கள் எடுக்கக் கூடாது. அக்காவின் துப்பாக்கியில் அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றிவைத்திருந்தார்கள்.

அதைப் பற்றி அவர் பேசும்போது குரல் உயராது. எனக்கென்று ஒரு பொருளைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்பதுபோலச் சொல்வார். நான் படிக்கும் கவிதைகளில் இப்படி ஒரு வரி வந்தால் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவேன்.

ஓய்வு பெற்ற பிரெஞ்சுச் சிப்பாய்களின் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது, சின்னச் சங்கம். அவர்களுக்கு ஒரு கொடி உண்டு. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கும் முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் பதினொன்றுக்கும் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு அந்தக் கொடியை ஏந்திப் போவார்கள். போன ஜூலையில் அக்காவும் போனார். அங்கே அவர் கையில் பூத்தட்டைக் கொடுத்து, நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாருக்கும் ஜூஸ் ஊற்றச் சொன்னார்கள். அவர் தட்டை இடது கையில் பிடித்தார். யாரோ, "கைய மாத்தும்மா" என்றார்கள். அக்கா தட்டை அப்படியே படிக்கட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஆம்பள பட்டாளத்துல இருந்தா கொடி. நான் பட்டாளத்துல இருந்தா ஜூஸா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். அன்று அவர் முடிவு செய்துவிட்டார். அடுத்த நவம்பரில் அந்தக் கொடி தன் கையில் இருக்க வேண்டும்.

கொடி ஏந்திக்கொண்டிருந்தவர் கொளஞ்சி. அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க நவம்பர் தொடக்கத்தில், ஒரு மழைக் காலையில் சங்கத்தில் கூடினார்கள். அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே மாடியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"தம்பி, இறங்கி வா. எனக்குப் பக்கத்துல ஒருத்தராவது உக்காரணும்."

"நான் என்னக்கா பேசுவேன்?"

"பேசாத. உக்காரு, போதும்."

சங்கத் தலைவர் தெய்வசிகாமணி. அக்காவின் அப்பாவுக்குச் சீனியர். அக்கா அவரை மாமா என்பார். மழைக்கு எடுத்துவந்த குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து நிற்கிற மனிதர். ஒவ்வொருவருக்கும் 'பொன்ழூர்' சொல்லிக் கைகொடுத்தார். அக்கா நீட்டிய இடது கையைப் பார்த்துவிட்டுக் குடையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"இன்னாம்மா, ஜூஸ் எடுத்தாந்தியா?"

"கொடி எடுத்துட்டுப் போக வந்தேன் மாமா."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சி முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "யாராவது சீக்கிரம் வாங்கிக்குங்கப்பா. விழாவுல அவங்க மைக்ல பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது" என்றார்.

தெய்வசிகாமணி தன் மகனைக் காட்டினார். "எங்க புருஷு இருக்கான். ஆப்கானிஸ்தான் போனவன். டேய், கன்னத்தைக் காட்டுடா."

மகன் புருஷோத்தமனுக்கு அக்காவின் வயதுதான். அக்கா இருந்த அதே ரெஜிமென்ட்டில் இருந்தவர். அவருடைய வலது கன்னத்தில், எலும்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பளபளப்பான தழும்பு. காட்டச் சொன்னதும் அவர் அதை உள்ளங்கையால் மூடினார்.

"விடுப்பா."

"இன்னாடா விடுப்பா? குண்டுச் சிதறல் பட்ட கன்னம். ரத்தம் சிந்தினவன் கொடி புடிக்கணும். இதுல பேசறதுக்கு இன்னா இருக்குது?"

அக்கா அந்தத் தழும்பைச் சற்று நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"காயம் பட்டவங்களுக்கு மரியாதை உண்டு மாமா. நான் காயத்தைப் பத்திப் பேச வரல. நானும் சிப்பாய். நானும் கேக்கறேன்."

"சிப்பாயா! நீ எதுல சுட்ட? அந்த எக்காளத்துலதானே?"

மறுபடி சிரிப்பு. ஃபமாஸின் மேலே நீளமாக ஒரு கைப்பிடி இருக்கும். அதனால் பிரெஞ்சுச் சிப்பாய்களே அதை எக்காளம் என்றுதான் கேலி செய்வார்களாம். தெய்வசிகாமணி பட்டாளத்தைவிட்டு வரும்வரை அவருடைய பிரிவுக்கு அது வரவில்லை. அவருடையது மரக்கட்டை வைத்த பழைய மாஸ் துப்பாக்கி. குடையைத் தோளிலிருந்து இறக்கி, காட்டத் தொடங்கினார்.

"இதோ பாருங்க. இது துப்பாக்கி. மேகசின் கண்ணு முன்னால இருக்குது. விசை விரலுக்குப் பதில் சொல்லும். முனையில பயனெட்டைச் சொருவினா எதிராளி கிட்ட வரமாட்டான். அணிவகுப்புல தோள்ல சாச்சா ஒரு அழகு இருக்குது. உங்களுது இன்னாது? முட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக்கு. மேகசினைக் கக்கத்துல தேடறீங்க."

"தேடித்தான் ஆவணும்" என்றார் அக்கா. "உண்மைதான். பாத்து மாட்டணும்னா துப்பாக்கிய இறக்கணும், கண்ணு எதிரிய விட்டுடும். விசையும் நீங்க சொன்ன மாதிரிதான் மாமா. விசை முன்னால, தோட்டாவ அடிக்கற சுத்தி பின்னால. நடுவுல ஒரு நீளக் கம்பி. அழுத்தினா மெத்துனு போவும். எப்ப வெடிக்கும்னு விரலுக்குத் தெரியாது."

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்த தெய்வசிகாமணிக்குக் குடையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்புறம் இன்னாத்துக்குக் கொடி கேக்கற?"

"குறையைச் சொன்னேன். நல்லதையும் சொல்ல வேணாமா? கவச வண்டிக்குள்ள எட்டு பேரு முட்டிக்கு முட்டி இடிச்சு உக்காந்திருப்போம். கதவு தொறந்ததும் குதிக்கணும். உங்க துப்பாக்கிய எடுத்துட்டு அந்தக் கதவுல வாங்க, பாக்கறேன். மொதல்ல துப்பாக்கி மாட்டும், அப்புறம் நீங்க மாட்டுவீங்க. என்னுது மாட்டாது. குட்டை. ஆனா குழலு குட்டையில்ல, தூரம் போவும். பாரம் பின்னால இருக்கறதால ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில கதவைத் தள்ளலாம். வீடு வீடா பூந்து தேடறப்ப அது பெரிய விஷயம்."

கொளஞ்சி தலையாட்டினார். "அந்தக் கதவுல மாட்டி நானே பல்லு ஒடச்சிக்கிட்டிருக்கேன்."

"நீ யார் கட்சி?" என்றார் தெய்வசிகாமணி.

"முட்டி கட்சி. சீக்கிரம் முடிங்க."

அக்கா விடவில்லை. தன் துப்பாக்கியின் மேல் அவருக்கு இருந்த குறைகளைக் கேட்டால் அதை அவர் வெறுத்தார் என்றே நினைப்போம். கை குட்டையான தனக்கு அந்தக் கட்டை எப்போதும் நீளம். குண்டு துளைக்காத உடுப்பைப் போட்டால் இன்னும் தள்ளிப்போய்விடும். சுருக்கவும் முடியாது, ஏனென்றால் கட்டைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும். சுவர் ஓரத்தில் மறைந்து நின்று சுடும்போது வழக்கமான துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொள்ளலாம்; இதை முடியாது, பாதி உடம்பை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும்.

அதைத்தான் தெய்வசிகாமணி பிடித்துக்கொண்டார்.

"அங்கதான் வர்றேன். நான் விழுந்தா, பக்கத்துல இருக்கறவன் என் துப்பாக்கிய எடுத்துச் சுடுவான். நீ விழுந்தா? உன்னுதை எவன் எடுப்பான்? பீச்சாங்கைக்கு மாத்தினது. எடுத்தான்னா அவன் மூஞ்சி போயிடும். ஒருத்திக்கு மட்டும் ஆவற சாமான் பட்டாளத்துக்கு எதுக்கு? கொடியும் அப்படித்தான். இன்னைக்கு இவன், நாளைக்கு அவன். எல்லார் கையிலயும் ஒரே மாதிரி நிக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். புருஷோத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கன்னத்திலேயே இருந்தது.

"அது அந்தத் துப்பாக்கியோட குறைதான்" என்றார் அக்கா. "இல்லன்னு சொல்ல மாட்டேன். கடைசில எங்களுக்குப் புதுத் துப்பாக்கி வந்துச்சி. உங்களுது மாதிரி வழக்கமான வகை. எந்தத் தோள்ல வெச்சாலும் சுடலாம். கட்டைய என் கைக்குச் சுருக்கிக்கலாம். பழசைக் குடுத்தேன், புதுசை வாங்கினேன். நான் ஒண்ணும் அழுவல. ஆனா ஒண்ணு சொல்றேன் மாமா. என் கைய மாத்தறதுக்கு எங்கம்மா பத்தொம்போது வருஷம் அடிச்சுப் பாத்தாங்க. முடியல. அந்தத் துப்பாக்கிய மாத்த அஞ்சு நிமிஷம் போதும். ஒரு கொக்கி, ஒரு தகடு. எதை மாத்தறது சுலபம்னு நீங்களே சொல்லுங்க."

தெய்வசிகாமணி எழுந்துபோய், சுவரில் ஆணியில் தொங்கிய தோல்வாரை எடுத்தார். கொடி ஏந்துகிறவர் மாட்டிக்கொள்ளும் வார் அது. முன்பக்கம் ஒரு தோல் கிண்ணம் இருக்கும். கொடிக்கம்பின் அடி அதில் நிற்கும். வலது கைக்குத் தோதாகக் கிண்ணம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. உங்கப்பன் எனக்குத் தம்பி மாதிரி. அன்னைக்கு ஒரு நாள் சோத்தாங்கையில புடி. யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கறேன்."

நல்ல பேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அரை மணி நேரம் கையை மாற்றிக்கொண்டால் கொடி கிடைத்துவிடும். அக்காவின் முழங்கையைத் தொட்டேன்கூட. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம் மாமா. என் கையில குடுத்தா குடுங்க. இல்லன்னா உங்க மகன்கிட்டயே குடுங்க. ஆனா ஜூஸ் ஊத்த மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

எழுந்து தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார். நானும் எழுந்தேன். அப்போதுதான் புருஷோத்தமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். அப்பாவின் கையிலிருந்த வாரை வாங்கினார். பக்கிளை அவிழ்த்தார். வாரை உருவி, திருப்பி, மறு தோளுக்கு வரும்படி கோத்தார். கிண்ணத்தை இடப்பக்கம் தள்ளி இறுக்கினார். பழைய தோல், கிரீச்சிட்டது.

"டேய், இன்னாடா பண்ற?"

"மாத்தறேம்பா."

"கொடி உனக்குடா!"

"எனக்கு வேணாம். சுமா, நிமிரு."

அக்கா நிமிர்ந்தார். அவர் வாரை மாட்டிவிட்டார். கொளஞ்சி ஒரு கையால் முட்டியையும் மறுகையால் கம்பையும் பிடித்தபடி வந்து, கொடியைக் கிண்ணத்தில் நிறுத்தினார். இடது கை அதைச் சுற்றிக்கொண்டது. தெய்வசிகாமணி மகனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்ற மகனே வேண்டாம் என்ற பிறகு அவர் யாருக்காக வாதாடுவார்? மற்றவர்கள் கைதட்டினார்கள். டீ வந்தது. அக்கா இடது கையில் கொடியைப் பிடித்திருந்ததால் டீயை வலது கையால் வாங்கினார். கொளஞ்சி அதை உரக்கச் சொல்லிக் காட்டினார்.

"பாத்தீங்களா, வலது கையாலயும் வாங்குது பொண்ணு!"

"பீச்சாங்கைக்கு வேற வேலை இருக்கறப்ப மட்டும்" என்றார் அக்கா.

நவம்பர் பதினொன்றாம் தேதி தூறலும் காற்றும். கடல் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. நனைந்த கொடி கனக்கும் என்று கொளஞ்சி முன்பே எச்சரித்திருந்தார். மைக்கில் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் மணிக்கட்டு ஒரு தடவைகூட அசையவில்லை. சொர்ணம் அம்மா குடைக்குக் கீழே என் பக்கத்தில் நின்று, "எல்லாரும் பாக்கறாங்க, பீச்சாங்கையில புடிச்சிக்கிட்டு நிக்கறா பாரு" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் யார் அவர் என்று கேட்டதும் குரல் மாறியது.

"என் பொண்ணுதான். பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தா."

நினைவுச் சின்னத்தின் முன்னால் கொடி தாழ்ந்தபோது தெய்வசிகாமணி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கலைந்து போகும்போது அக்காவைக் கடந்தவர், நிற்காமலே, "கொடிக்குத்தான் அடிச்சேன்" என்றார்.

"நானும் கொடிக்குத்தான்னு நெனச்சேன் மாமா" என்றார் அக்கா.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் புருஷோத்தமனைப் பார்த்தேன். சங்கரா வாங்கிக்கொண்டிருந்தார். ஆய்கிற பெண் செதிலைச் சுரண்டும்போது அவர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அசைவு எனக்குப் பழக்கமாகத் தெரிந்தது. எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அன்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஆப்கானிஸ்தான்ல இது எப்படிப் பட்டுச்சி?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஆப்கானிஸ்தான்னு எங்கப்பாகிட்ட நான்தான் சொன்னேன். அவரு நம்பிட்டாரு. நான் அங்க போனது நெசம். இது அதுக்கு முந்தின வருஷம், பயிற்சி முகாம்ல. சுடற எடத்துல சுமா துப்பாக்கி இருந்துச்சி, சிவப்பு டேப் சுத்தி. 'எடுக்காத புருஷு, அது உனக்கு ஆவாது'ன்னா. பீச்சாங்கைத் துப்பாக்கில சுட்டா இன்னா ஆவும்னு நான் எடுத்துத் தோள்ல வெச்சேன். மொதத் தோட்டா."